செருப்போடு தூங்குகிறவன்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் உன் குரல் கேட்டதும் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. நீ "சாப்பிட்டியா?" என்பாய், நான் "ம்" என்பேன். "வேலை எப்படி?" என்பாய், அதற்கும் "ம்". அதற்குள் உன் மடியில் இருக்கும் என் பிள்ளை உருண்டை போனைப் பிடுங்கிச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவான். எழுத்தில்தான் எனக்கு வாய் உண்டு. மன்னித்துக்கொள்.

உன் தோள்வலி தேவலையா? மாமாவின் இருமல் எப்படி? கரி இஸ்திரிப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டுக் கரண்ட் பெட்டிக்கு மாறச் சொல்.

நாங்கள் இருவரும் நலம். அவருக்கு இரவு ஷிப்ட் போய்ப் பகல் வேலை வந்துவிட்டது. எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. வரும் பாட்டில்களுக்கு எண் ஒட்டி, எதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஏப்ரலில் நீ உருண்டையைக் கூட்டிக்கொண்டு இங்கே வர வேண்டும். டிக்கெட் நாங்கள் எடுத்து அனுப்புகிறோம். ஒரு மாதம் இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் லீவு கொடுத்தார்கள், போன வருஷம் வந்து பார்த்ததோடு சரி. உன் வாடிக்கைக்காரர்களின் துணியைத் தொடும் முன்பு என் காலேஜ் துணியைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினவள் நீ. அந்தத் துணி எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

உருண்டைக்கு என் முத்தங்கள். வாங்கிக்கொள்கிறானா, துடைத்துக்கொள்கிறானா என்று எழுது.

உன் தங்கை


ஜனவரி 30

வாயில்லாப்பூச்சிக்கு அக்கா எழுதுவது.

எல்லாரும் சுகம். தோள்வலியும் சுகமாக இருக்கிறது. அதற்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? மாமாவிடம் கரண்ட் பெட்டி என்று சொன்னேன். "கரண்டு போனா உன் தங்கச்சி வந்து ஊதுவாளா?" என்கிறார்.

முத்தத்தைத் துடைத்துக்கொண்டான். மூக்கையும் சேர்த்து, என் முந்தானையில்.

வருகிறேன் என்று சொல்ல ஆசைதான். மாடிப் பஸ்ஸில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். மாமா, "மேல போனா கீழ பாக்காத, அவ்ளோதான். இதுக்குப் போயி பயந்துக்கிட்டு" என்று தைரியம் சொல்கிறார். அவர் ஏணியில் இரண்டு படிக்கு மேல் ஏறி நான் பார்த்ததில்லை.

நீ போன வருஷம் கொண்டுவந்த குழந்தைத் தள்ளுவண்டி நன்றாக உழைக்கிறது. தேய்த்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோக அதுதான். உன் பிள்ளை ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருப்பான், மடியில் மடித்த சட்டைகள், கைப்பிடியில் புடவைகள். வக்கீல் வீட்டு வெள்ளைச் சட்டையில் பிஸ்கட் கறை. அவர் சத்தம் போட்டால் மாமா, "டெலிவரி பண்ணவரு உள்ளதான் உக்காந்திருக்காரு, அவரையே கேளுங்க சார்" என்கிறார். வண்டிக்கு ரதம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

கொஞ்ச நாளாக உன் பிள்ளைக்கு ஒரு கூத்து. செருப்போடுதான் தூங்குவானாம். கழற்றப் போனால் தெருவையே கூட்டிவிடுகிறான். மாமா, "ரயிலுக்குப் போறவன் மாதிரி படுத்திருக்கான் பாரு" என்று சிரிக்கிறார். மற்றபடி நன்றாகத் தூங்குகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். கவலைப்படாதே.

டிக்கெட் எடு. வருகிறோம்.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பரிசோதனைக் கூடத்தில் வைத்துப் படித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி நான் சிரித்து முதல்முறையாகப் பார்க்கிறாளாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம்.

டிக்கெட் எடுத்துவிட்டோம். பயணம் பற்றி எழுதுகிறேன், மாமாவையும் வைத்துக்கொண்டு படி. தள்ளுவண்டியைக் கவுன்டரில் பெட்டிகளோடு போடச் சொல்வார்கள், போடாதே. அதற்கு ஒரு டேக் மட்டும் கட்டித் தரச் சொல். உருண்டையை அதிலேயே உட்கார வைத்து விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாம். வாசலில் மடித்து அங்கே நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு ஏறு. நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். அங்கேயும் வாசலிலேயே வண்டி கிடைக்கும், பயப்படாதே. சோதனைக்கு முன்னால் அவனை வெளியே எடுத்து வண்டியை மடிக்கச் சொல்வார்கள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் வண்டி. ஒற்றைக் கையால் மடிக்கப் பழகிக்கொள்.

பெற்றவர்கள் இல்லாமல் பிள்ளையைக் கூட்டி வருவதால், நாங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம் தனியாக வரும். கேட்டால் காட்டு.

அவனுக்கு நல்ல மெத்தென்ற ஷூ வாங்கலாம் என்று இருக்கிறேன். தூங்கும்போதும் போட்டுக்கொள்ளட்டும். அவன் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. கொஞ்சம் பெரியதாகவே வாங்குகிறேன், வளருகிற கால்.

உன் தங்கை


பிப்ரவரி 27

வாயில்லாப்பூச்சிக்கு,

நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுங்கள். போனில் உன் முகம் தேய்ந்து கிடக்கிறது.

பாதம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். கூச்சத்தில் நெளிந்து பென்சிலைப் பிடுங்கி அவனே வரைந்துகொண்டதால் ஆறு விரல் மாதிரி இருக்கும். ஐந்துதான், நான் சரிபார்த்துவிட்டேன்.

வண்டி மடிக்கிற பயிற்சி தினமும் நடக்கிறது. பிள்ளைக்குப் பதிலாக வக்கீல் வீட்டு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடிக்கிறேன். மாமா கையில் கரண்டியோடு நின்று, "மேடம், உங்க பேப்பர் காட்டுங்க! பிள்ளைய எறக்குங்க!" என்று அதிகாரி வேஷம் போடுகிறார். உருண்டை விழுந்து விழுந்து சிரிக்கிறான். நேற்று விரல் நசுங்கியது, ஆனால் ஒற்றைக் கையால் மடித்துவிட்டேன். தெருவே கை தட்டியது.

ஒன்று கேட்க வேண்டும். அவன் துணியை எல்லாம் எடுத்து வரவா, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வரவா? பெட்டி எந்த அளவில் வாங்குவது என்று மாமா கேட்கிறார்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நசுங்கிய விரல் ஆறிவிட்டதா? அதற்கு மருந்து போடு, அலட்சியமாக விடாதே.

ஆறு விரல் பாதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அவர் வேலைக்குப் போகும்போது அதில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார். ஷூ வாங்கிவிட்டேன். நீல நிறம், ஒட்டிக்கொள்கிற பட்டை, கயிறு கிடையாது. சின்ன அறையைக் காலி செய்து சுவருக்கு வெளிர்மஞ்சள் அடித்திருக்கிறோம். ஜன்னலுக்கு நேரே ஒரு பஸ் நிறுத்தம். பஸ் வந்தால் அவனுக்குப் பொழுது போகும்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. நீ முழுக்கைச் சட்டை ஒன்று எடுத்து வா. விமானத்தில் காது அடைத்துக்கொள்ளும். ஏறும்போதும் இறங்கும்போதும் அவனுக்கு எதையாவது சப்பக் கொடு. அவனுக்கும் தனி இருக்கை எடுத்திருக்கிறோம். ஜன்னல் ஓரத்தில் உட்கார வை.

பெட்டி பெரியதாகவே இருக்கட்டும். இடம் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்து வந்துவிடு.

உன் தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. உடனே எழுத முடியவில்லை. மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு கடைக்கு வரவில்லை, நான்தான் தனியாகப் பார்த்தேன். இப்போது பரவாயில்லை.

உருண்டை காலையில் எழுந்ததும் பேச மாட்டான். கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும். நீயும் அப்படித்தான் இருந்தாய். பால் ஆடையோடு இருந்தால் தொட மாட்டான், வடிகட்டிக் கொடு. சோறு கையால் பிசைந்தால்தான் இறங்கும், ஸ்பூனைக் காட்டினால் வாயை மூடிக்கொள்வான். குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றும் முன்னால் "மழை வருது" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் ஊற்றிவிட்டால் அன்று முழுக்கக் கோபம். காய்ச்சல் வந்தால் முதலில் காது சிவக்கும், உடம்பு சுடுகிற வரை காத்திருக்காதே. துணி வாசனை அவனுக்குப் பிடிக்கும். தேய்த்த துணியைச் சூடு ஆறுவதற்குள் போர்த்திவிட்டால் பேசாமல் தூங்கிவிடுவான். அங்கே இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா?

என்னைப் பெம்மா என்கிறான், பெரியம்மா என்று இன்னும் வாயில் வரவில்லை. மாமாவை மாமா என்றே கூப்பிடுகிறான், நாம் கூப்பிடுவதைக் கேட்டு. உன் போட்டோவைக் காட்டி அம்மா சொல்லச் சொன்னேன். "போன் அம்மா" என்கிறான். போனை விட்டுவிட்டு அம்மா மட்டும் சொல்லப் பழக்குகிறேன்.

எல்லாத் துணியையும் எடுத்து வைத்துவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் முதுகு எப்படி இருக்கிறது? நீ எழுதியதையெல்லாம் இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு கேலிகூட இல்லை. நீ கேலி செய்யாமல் எழுதிய முதல் கடிதம் இது.

இஸ்திரிப் பெட்டி வாங்கிவிட்டேன். அட்டையைப் பிரித்து, என் வெள்ளைக் கோட்டை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். காலர் மடிப்பு விழவில்லை. உன்னோடு அதே கடையில் வளர்ந்தவள், எப்போது பார்த்தாலும் மூட்டைக்கு மேல் உட்கார்ந்து புத்தகத்தோடுதான் இருந்தேன். பெட்டியைத் தொட வந்தால் "போ, போய்ப் படி" என்று கையைத் தட்டிவிடுவாய்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. எழுதவும் பார்த்தேன். நேரில் சொல்கிறேன்.

விமான நிலையத்தில் வெளியே வரும் கதவுக்கு எதிரிலேயே நிற்போம். பத்திரமாக வா.

உன் தங்கை


ஏப்ரல் 18, நடுவில் இறங்கும் ஊர்

வாயில்லாப்பூச்சிக்கு,

தபால் செலவு இல்லை, இதை நானே கொண்டுவந்து தரப் போகிறேன். அடுத்த விமானத்துக்கு நேரம் இருக்கிறது. பிள்ளை என் மடியில் தூங்குகிறான், செருப்போடு. பக்கத்தில் இருந்தவர் தாள் கொடுத்தார்.

உன் படிப்பை நம்பி வந்தேனே, கேள். இறங்கி வாசலில் நின்றேன், எல்லாரும் போய்விட்டார்கள், வண்டியைக் காணோம். அங்கே நின்ற பெண்ணிடம் டேக்கைக் காட்டினேன். அவள் கையை நீட்டி அதோ, அதோ, அந்தப் பக்கம் என்று வானத்தைக் காட்டுகிறாள். அப்புறம்தான் புரிந்தது, ரதம் நேரே உன் ஊருக்கே போய்விட்டது. பையனோ ஒன்று தரையில் படுப்பேன், இல்லையென்றால் நகரும் படிக்கட்டில் ஓடுவேன் என்கிறான். பையில் மூட்டை கட்டுகிற பழைய வேட்டி இருந்தது. அவனை முதுகில் போட்டு, வக்கீல் வீட்டு மூட்டையைக் கட்டுகிற மாதிரி குறுக்கே கட்டிவிட்டேன். பயிற்சி எடுத்தது வீணாகவில்லை. இந்த நிலையம் முழுக்க என்னைத்தான் வேடிக்கை பார்த்தது. அவன் காதுக்குள், "பெம்மா, நான் துணியா?" என்கிறான். "ஆமாடா, அவசர டெலிவரி" என்றேன்.

நம் ஊரில் ஏறும்போது மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். இவன் சாயங்காலம் திரும்பி வருகிறவன் மாதிரி டாட்டா காட்டினான். அவரும் காட்டினார். முதுகுவலி எல்லாம் ஒன்றும் இல்லை, நீ தெரிந்துகொள்.

நேரில் சொல்கிறேன் என்று எழுதினாய். உன்னால் முடியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவன் அங்கேதான் இருக்கப் போகிறான், நான் மட்டும் திரும்புகிறேன். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறவனுக்கு யாராவது பெரிய ஷூ வாங்குவார்களா? நான் பெட்டி பற்றிக் கேட்டேன், நீ பஸ் நிறுத்தம் பற்றி எழுதினாய். அன்றைக்கே தெரியும். மாமாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. சொன்ன மறுநாள்தான் அவருக்கு முதுகு பிடித்தது.

கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. அவனைக் கூப்பிட்டதற்கு இல்லை. உன் பிள்ளை, உன்னிடம்தான் இருக்க வேண்டும். என்னிடம் கேட்கப் பயந்தாயே, அதற்கு. நான் தர மாட்டேன் என்றா நினைத்தாய்?

சரி விடு. புறப்படுகிற அன்று சிரமம் வேண்டாம். அவனை வண்டியில் போட்டுத் தள்ளித் தூங்க வைத்துவிடுகிறேன், தூங்கினதும் அப்படியே கிளம்பிவிடுகிறேன். போன வருஷம் உன்னை அனுப்பினேனே, அதே மாதிரி. அவன் முழித்துக்கொண்டிருந்தால் உன்னால் அன்று போயிருக்க முடியாது. என்னாலும் முடியாது.

கூப்பிடுகிறார்கள். துணியை முதுகில் ஏற்ற வேண்டும்.

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நீ அடுப்படியில் அவரோடு பேசிக்கொண்டிருப்பது இங்கே கேட்கிறது. "மாப்பிள்ள, உங்க ஊரு தண்ணிய இவ டெஸ்ட் பண்றான்னு தெரிஞ்சும் தைரியமா குடிக்கிறீங்களே" என்கிறாய், அவர் சிரிக்கிறார். இதை எழுதி, இன்றைக்கே நீ பார்க்கும்படி உன் கைப்பையில் வைக்கப் போகிறேன்.

தோள்வலிக்குப் புதுத் தைலம் வாங்கி உன் பெட்டியில் வைத்திருக்கிறேன். மாமாவுக்கும் ஒன்று இருக்கிறது. முதுகுக்கு என்று சொல்லிக் கொடு.

நீ கொண்டுவந்து கொடுத்த கடிதத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு மாதமாக நீயும் கேட்கவில்லை. பக்கத்துப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது டிசம்பரிலேயே தெரியும். உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே தெரியும். நீ தர மாட்டாய் என்று நான் நினைக்கவே இல்லை. கேட்டவுடன் தந்துவிடுவாய் என்று தெரியும், அதைத்தான் பார்க்கப் பயந்தேன். படிக்க வேண்டும் என்றேன், தோளைக் கொடுத்தாய். வெளியூர் போக வேண்டும் என்றேன், பிள்ளையை வாங்கிக்கொண்டாய். ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை கேட்காமல் எடுத்துக்கொண்டால் கூச்சம் குறையும் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. குறையவில்லை.

நடு ஊரில் வண்டி கிடைக்கும் என்று எழுதியதும் நான் விசாரித்து எழுதியதில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீ அவனை முதுகில் கட்டிக்கொண்டு நடந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மத்தியானம் நீ கடைக்குப் போயிருந்தாய். அவனை மடியில் போட்டுக்கொண்டு, நீ சொல்லிக் கொடுத்தபடி துண்டைத் தேய்த்துச் சூடாகப் போர்த்தினேன். கண் சொருகியது. கால் வியர்த்திருந்ததால் செருப்பைக் கழற்றப் பார்த்தேன். அந்த நீல ஷூவை அவன் இன்னும் தொடக்கூட இல்லை, பழைய செருப்புதான். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"ஏன்டா தங்கம், கால் வேர்க்குதே. கழட்டிட்டுத் தூங்கலாமா?"

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"தூங்கினா போன் அம்மா போயிடும்."

என் மடியில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொன்னான். நான் யார் என்று அவனுக்கு அந்த நேரத்தில் தெரிந்ததோ இல்லையோ, போனது தெரிந்திருக்கிறது.

செருப்பு எப்போது ஆரம்பித்தது என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை. "கொஞ்ச நாளாக" என்று எழுதினாய். போன வருஷம் அவனைப் புது வண்டியில் தூங்க வைத்துவிட்டு நான் படி இறங்கினேனே, அதற்கு மறுநாளிலிருந்துதானே, அக்கா? மாமாவைப் போனில் கேட்டேன். கடையில் ஆள் நிற்கிறது என்று மழுப்பினார். அப்புறம், "எழுந்ததும் செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் நின்னான்மா. சாயங்காலம் வரைக்கும் உள்ள வரல. உன்கிட்ட சொல்ல வேணாம்னு உங்கக்காதான் சொன்னா" என்றார். நீயோ எனக்குக் கடிதத்திலும், ஒவ்வொரு போனிலும், நன்றாகத் தூங்குகிறான் என்றே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் விமானம். இன்று காலையிலேயே நீ வண்டியைத் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறாய். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

அக்கா, இனி உன்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். இது ஒன்று மட்டும். அவன் தூங்கும்போது போகாதே. அவனை எழுப்பி, பால் வடிகட்டிக் கொடுத்து, பெம்மா ஊருக்குப் போகிறேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. அழுவான். உன் காலைக் கட்டிக்கொள்வான். உனக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை என்று தெரிந்துதான் கேட்கிறேன். நான் அவனைத் தூக்கிக்கொள்கிறேன், என்னை அடித்தாலும் இறக்கிவிட மாட்டேன். அவன் காலில்தான் எப்போதும் செருப்பு இருக்கிறதே. வாசல் வரை வந்து அவனே உன்னை அனுப்பிவைக்கட்டும்.

உன் தங்கை